விருந்து பாக்கி

பெய்ரிஞோல்
20 ஏப்ரல் 1997

அன்புள்ள எலரி அக்காவுக்கு,

நீயும் கரெத் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? பாலாடைக்கட்டி ஆலையின் உப்புத் தண்ணீரில் வெடித்திருந்த உன் கை இப்போது தேவலையா? அம்மா தினமும் காலையில் அதைத்தான் முதலில் கேட்கிறாள், நான் ஏதோ இரவோடு இரவாக வேல்ஸ் திரும்பி ரெக்சம் போய்ப் பார்த்துவிட்டு வந்ததுபோல.

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் இந்த ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் மடங்குகிறது. அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எப்போதோ ஒரு முறை சுற்றுலா பஸ் ஓட்டிக்கொண்டு பிரான்சில் இந்தப் பக்கம் வந்து ஒரே ஒரு ராத்திரி தங்கியவர், அந்த ராத்திரியைப் பத்து வருஷம் நம்மிடம் பேசித் தீர்த்தாரே, இப்போது தினமும் அந்த ராத்திரிதான் அவருக்கு.

வீடு கல் வீடு. பக்கத்தில் பெரிய களஞ்சியம். மதாம் லாஷோ என்ற அம்மாள் கணவர் இறந்த பிறகு இதை விற்றுவிட்டு ஊர் நடுவே மருந்துக்கடை மாடிக்குப் போய்விட்டாளாம். நாங்கள் அவளை இன்னும் பார்க்கவில்லை. மாடியின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, இரவுச் சாப்பாடும் போடுவதாக அம்மாவின் திட்டம். "ஸ்கூல்ல எறநூறு பிள்ளைங்களுக்குப் பொங்கிப் போட்டவ நான். நாலு பேருக்குச் சமைக்கிறது எனக்கு லீவு மாதிரி" என்கிறாள். பனிக்காலம் வரை பார்ப்பது, சரிப்படவில்லையென்றால் விற்றுவிட்டுத் திரும்புவது என்று அப்பா சொல்லியிருக்கிறார். எனக்கு இது சரிப்பட வேண்டும் அக்கா. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்வேன்.

முற்றத்தின் நடுவில், வீட்டைவிட உயரமாக, பட்டை உரித்த பைன் மரக் கம்பம் ஒன்று நின்றது. உச்சியில் துருப்பிடித்த வளையம், நிறம் போன ஒரு துணிக் கிழிசல். வண்டி திருப்ப இடைஞ்சலாக இருந்ததால் அப்பா போன சனிக்கிழமை அதை அறுத்துத் தள்ளினார். பக்கத்து நிலத்துக்காரர் ஃபெர்னான் மதிலருகே வந்து நின்று பார்த்தார். கம்பம் விழுந்ததும் தொப்பியைக் கழற்றினார், திரும்பிப் போய்விட்டார். "பாத்தியா, எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்றார் அப்பா. விறகு நன்றாக எரிகிறதாம். காப்பிக்கடையில் எல்லோரிடமும் சொல்லச் சொன்னார், நானும் மொழிபெயர்த்தேன்.

அத்தானுக்கு என் அன்பு. பதில் எழுது.

உன்
நெரிஸ்


ரெக்சம்
6 மே 1997

நெரிஸ் குட்டிக்கு,

கை தேவலை. இப்போது அத்தானின் முதுகுதான் பேசுகிறது. இங்கே மழை. வேறு என்ன இருக்கும்?

காலேஜில் கை தூக்கவே பயப்பட்ட நீ அங்கே அப்பாவுக்குக் காப்பிக்கடையில் குரல் கொடுக்கிறாய் என்று படித்ததும் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "அவளா? நம்ம கல்யாணத்துல போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னதுக்கே அழுதாளே!" என்கிறார்.

நம் குடும்பத்திலேயே பட்டம் வாங்கியது நீ ஒருத்திதான். உன்னை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போனது எனக்குப் பிடிக்கவில்லை. அதை வழியனுப்பும்போதே சொல்லிவிட்டேன், இனிச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே மனிதர்கள் எப்படி? பழகுகிறார்களா? யார் வீட்டுக்காவது போனீர்களா?

எங்கள் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறோம். சும்மாதான்.

அம்மாவை ஈரத் தரையில் நடக்கவிடாதே.

அன்புடன்
அக்கா


சான் செபாஸ்தியான்
25 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் முதுகு எப்படி? பொடிநடையாகப் போனால் நல்லது என்று அப்பா சொல்லச் சொன்னார்.

முகவரியைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பாய். ஸ்பெயின்! வெள்ளிக்கிழமை காலையில் திடீரென்று அப்பா "கிளம்புங்க, கடல் பாத்துட்டு வரலாம்" என்றார். மதியத்துக்குள் எல்லை தாண்டிவிட்டோம். கடற்கரை பிறைநிலா மாதிரி வளைந்து கிடக்கிறது. மழை தூறுகிறது, ஆனாலும் நன்றாக உடுத்திய கிழவிகள் குடை பிடித்துக்கொண்டு மணலில் நடக்கிறார்கள். அப்பா கால்சட்டையை முட்டி வரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்றார்.

இங்கே யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ரொட்டித் துண்டின் மேல் மீனோ மிளகாயோ குச்சியில் குத்தி வைத்திருக்கிறார்கள். நின்றபடி ஒன்று, அடுத்த கடையில் ஒன்று. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நின்னுகிட்டுத் தின்ன என் ஸ்கூல்ல ஒரு பிள்ளையையும் விட்டதில்ல. இவங்க எல்லாரும் வரிசையா உக்காருங்கன்னு சொல்லு நெரிஸ்" என்றாள். சொல்லவில்லை.

நான் நலம். எல்லோரும் நலம். பின்னறைக்கு என்ன நிறம்?

உன்
நெரிஸ்


ரெக்சம்
10 ஜூன் 1997

நெரிஸுக்கு,

இளமஞ்சள். அத்தான் முதுகோடு சமாதானமாகிவிட்டார்.

கிழவிகள் குடை பிடித்துப் போனதை அவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். நான் கேட்டது வேறு. அங்கே மனிதர்கள் எப்படி என்று கேட்டேன். பெய்ரிஞோல் மனிதர்கள். அறைகளுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்களா? அம்மாவின் கடிதத்திலும் வானிலை மட்டும்தான் இருக்கிறது. அம்மா எப்போது வானிலை எழுதுவாள் என்பது நம் இரண்டு பேருக்குமே தெரியும்.

சாப்பிடு. உட்கார்ந்து சாப்பிடு.

அக்கா


ஜெனோவா
2 ஜூலை 1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் இருவரின் சுகம் கேட்டு இந்தக் கடிதம் இத்தாலியிலிருந்து வருகிறது. அப்பா இரண்டு நாள் ஓட்டினார். மலைக்குள் குடைந்த ஒரு லிஃப்ட் இருக்கிறது. கீழே கடைத்தெருவில் ஏறி மேலே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இறங்குகிறோம். சந்துகளில் இந்த வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கொடி கட்டித் துணி உலர்த்துகிறார்கள். எதிர்வீட்டாரோடு சண்டையென்றால் துணி எப்படிக் காயும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

மீன் சந்தையில் ஒரு கிழவி அம்மாவின் கையிலிருந்த நெத்திலியைப் பிடுங்கி, தலையை எப்படிக் கிள்ளுவது என்று காட்டினாள். அம்மா இல்லையென்று தலையாட்டி வேறு விதமாகக் கிள்ளினாள். ஒருவர் பேசியதில் மற்றவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இருவரும் கையாட்டிக் கத்தினார்கள், கடைசியில் கிழவி அம்மாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். திரும்பும் வழியில் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மா அழுதாள். "கண்ணுல தூசி" என்றாள்.

வெயில் அதிகம். மற்றபடி எல்லோரும் நலம்.

உன்
நெரிஸ்


ரெக்சம்
14 ஜூலை 1997

நெரிஸ்,

நான் சுகமா, அவர் சுகமா என்பதெல்லாம் அப்புறம்.

மீன் விற்கும் ஒருத்தி கன்னத்தைத் தட்டியதற்கு அம்மா ஏன் அழ வேண்டும்?

ஊர் ஊராக எழுதுகிறாய், வீட்டிலிருந்து எழுத மாட்டேன் என்கிறாய். அடுத்த கடிதத்தை அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுது. அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


பெய்ரிஞோல்
12 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

அடுக்களை மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, யாருக்கும்.

யாரும் எங்களைத் திட்டவில்லை, யாரும் எதையும் மறுக்கவில்லை. ரொட்டி வண்டி ஓட்டி வரும் மரினெத் மற்ற வீடுகளின் முன் ஹாரன் அடித்துவிட்டு அரை மணி கதை பேசுவாள். எங்கள் வாசலில் ரொட்டி, வணக்கம், போய்வருகிறேன், அவ்வளவுதான். காப்பிக்கடையில் அப்பா நகைச்சுவை சொன்னால் நான் மொழிபெயர்ப்பேன், எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு தங்கள் கோப்பையைப் பார்ப்பார்கள். அறை கேட்டு வரும் பயணிகளைக் கடைக்காரர்கள் அடுத்த ஊருக்குக் காட்டிவிடுகிறார்கள். ஜூலை பதினாலாம் தேதி தேசிய தினத்தன்று சதுக்கத்தில் நீள மேசை போட்டு ஊரே ஒன்றாகச் சாப்பிட்டது. நாங்களும் சீட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். எங்களுக்கு இரண்டு பக்கமும் பெஞ்சு காலியாகவே இருந்தது. மன்னிக்கவும், நண்பர்களோடு உட்காருகிறோம் என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அம்மா தட்டிலிருந்த முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். பிள்ளைகளுக்கு எதிரில் சாப்பாட்டை மீதம் வைக்கக்கூடாது என்பது அவளுடைய பழைய விதி.

அதனால்தான் இந்தப் பயணங்களெல்லாம். மனம் பொறுக்காத வாரத்தில் அப்பா வண்டியைக் கிளப்புவார். ஸ்பெயினிலோ இத்தாலியிலோ யாரும் எங்களோடு பேசாவிட்டால் அது இயற்கைதானே.

காரணம் போன வாரம்தான் தெரிந்தது. ஸ்பெயினில் பர்கோஸ் வரை போய்த் திரும்பும் வழியில், எங்கள் ஊருக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, சாலையோர வீடு ஒன்றின் முன் கூட்டம். பட்டை உரித்த பைன் கம்பத்தை ஆண்கள் கயிறு கட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். உச்சியில் பச்சை இலைக் கொத்து, வளையம், நீலம் வெள்ளை சிவப்பு நாடா. கால்சட்டைக்குச் சிவப்புத் தோள்வார் மாட்டிய பெரியவர் ஒருவர் அப்பாவைப் பார்த்து, "யோவ், வேடிக்கையா பாக்கறே? வந்து கயிறைப் புடி!" என்று கத்தினார். அப்பா ஓடினார். ஐந்து மாதத்தில் ஒருவர் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. கம்பம் நிமிர்ந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா கையில் ஒரு கோப்பை மது கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பையனுக்குக் கல்யாணமாம்.

அந்நியர்களிடம் பேசுவது எனக்கு எளிது. அந்தப் பெரியவரிடம் "இதை எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டேன்.

"எடுக்கறதா? இதுக்கு 'மே'ன்னு பேரும்மா. கல்யாணம் ஆனவங்களுக்கு நடுவோம், ஊர் மன்றத்துக்கு ஜெயிச்சவருக்கு நடுவோம். வெச்சா வெச்சதுதான். தானா மக்கி, தானா விழணும். அதுல கை வெக்கறதும் ஒண்ணு, அந்த வீட்டு மனுஷன் மூஞ்சியில கை வெக்கறதும் ஒண்ணு."

"என்ன சொல்றார்?" என்றார் அப்பா சிரித்தபடி. வழக்கமாக நான் சுருக்கிச் சொல்வேன். அன்று முழுவதையும் சொன்னேன். அப்பா கோப்பையை மதிலின் மேல் வைத்தார், குடிக்கவில்லை.

மறுநாள் மரினெத்திடம் நேராகவே கேட்டேன். "லாஷோவுக்கு நட்டது" என்றாள். "தொண்ணூத்தஞ்சுல மன்றத்துக்கு ஜெயிச்சாரு. நாங்கதான் நட்டோம். அந்த வருஷமே போயிட்டாரு." பிறகு ரொட்டியைக் கொடுத்தாள்.

ஒரு செத்த மனிதருக்கு ஊர் செய்த மரியாதையை அறுத்து எரித்திருக்கிறோம், எரிந்த அழகையும் காப்பிக்கடையில் விளம்பரம் செய்திருக்கிறோம். அப்பா வெளியே போவதையே நிறுத்திவிட்டார். "எந்த மூஞ்சிய வெச்சுகிட்டு அந்தம்மா முன்னாடி நிப்பேன் க்வெண்டா?" என்று அம்மாவிடம் கேட்டார். வீட்டை விற்கத் தரகரிடம் சொல்லியாகிவிட்டது. அக்டோபரில் ஒரு டச்சுத் தம்பதி பார்க்க வருகிறார்கள். பிடித்தால் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ரெக்சமில்.

எனக்கு வர மனமில்லை அக்கா. உன்மேல் பிரியமில்லாமல் அல்ல. அங்கே நான் காலேஜ் போனவள். நான் அறைக்குள் வந்தால் சித்தப்பாக்கள் பேச்சை மாற்றுவார்கள், அம்மாகூட வார்த்தையைத் தேடுவாள். நான் படித்தது அவர்களுக்கும் எனக்கும் நடுவில் நிற்கும். இங்கே அந்தப் படிப்பு ரொட்டி வாங்குகிறது, குழாய் ரிப்பேர்காரரோடு வாதாடுகிறது. இங்கே நான் வீட்டுக்குத் தேவைப்படும் ஆள்.

பின்னறை இளமஞ்சள் என்று படித்ததும் எதற்கு என்று புரிந்தது. நன்றி.

நெரிஸ்


ரெக்சம்
28 செப்டம்பர் 1997

என் நெரிஸுக்கு,

ஆறு வாரமாகப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, தபாலிலும் தாமதமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. விற்கட்டும், வரட்டும் என்று கட்டிலுக்கு விரிப்புகூட வாங்கினேன். உனக்குப் பதில் எழுத உட்காரும்போதெல்லாம் "அப்பாடா" என்றே பேனா ஆரம்பித்தது. கிழித்தேன். ஐந்து பேர் சாப்பிட்ட மேசையில் இப்போது நானும் அவரும்தான். அதை நான் உங்களிடம் சொல்லியதில்லை, வழியனுப்பும்போது சண்டைதான் போட்டேன்.

போன ஞாயிறு அத்தான் கேட்டார். "அவங்க தோத்துப்போய்த் திரும்பி வந்தா, மாமா அந்த மஞ்சள் ரூமுல உக்காந்து எதைப் பாத்துகிட்டு இருப்பாரு?" இரவெல்லாம் அதையே யோசித்தேன்.

நீ அந்த அம்மாளிடம் போ. அப்பா போகமாட்டார், அம்மாவுக்கு மொழி இல்லை. நன்றாகப் பேச வேண்டுமென்றில்லை. கதவைத் தட்டுவதற்கு இலக்கணம் எதற்கு?

அதற்குப் பிறகும் விற்பதென்றால் வாருங்கள். அப்போது நான் சந்தோஷப்படுவதில் தப்பில்லை.

அக்கா


பெய்ரிஞோல்
10 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

விரிப்பு என்ன நிறம் என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன், மன்னித்துக்கொள். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

போனேன்.

வழியெல்லாம் நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மருந்துக்கடை மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு போய்விட்டன, கதவு திறந்ததும் மீதி இரண்டும். மதாம் லாஷோ குள்ளமானவள். மேலங்கி முழுக்க வாதுமைக்கொட்டை ஓடு. "கம்பத்தை வெட்டினோம். தெரியாது எங்களுக்கு" என்று மட்டும் சொன்னேன். அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

"உள்ள வா. கதவைத் தொறந்து வெச்சா ஈ வருது" என்றாள்.

மேசை நிறைய வாதுமைக்கொட்டை. சின்ன மரச்சுத்தியல் ஒன்றை என் கையில் கொடுத்தாள். உடைக்க ஆரம்பித்தேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்குப் பயம் குறைகிறது.

"ஊர்ல என்ன நெனைக்கிறாங்கன்னு தெரியுமா?" என்றாள். "நான் மனசு ஒடைஞ்சு கெடக்கறேன்னு நெனைக்கிறாங்க. எனக்காகத்தான் ஒங்ககூடப் பேசறதில்ல. ஃபெர்னான் வாராவாரம் வந்து, 'இன்னிக்கும் அந்த இங்கிலீஷ்காரனுக்கு முகம் குடுக்கல மதாம்'னு கணக்கு சொல்லிட்டுப் போறான்."

"நாங்க வேல்ஸ்" என்றேன். அப்பா எப்போதும் திருத்தச் சொல்வார், பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் சிரித்தேவிட்டாள்.

பிறகு சொன்னாள். கம்பம் நட்டுக்கொண்ட வீடு, நட்டவர்களுக்கெல்லாம் விருந்து போட வேண்டும். அதுதான் வழக்கம். அவர்கள் ஆகஸ்டில் நட்டார்கள். வாதுமை அறுவடை முடியட்டும், கையில் நேரமிருக்கும், ஊரே வாயடைக்கிற மாதிரி போடுவோம் என்றாராம் லாஷோ. அறுவடை முடியும் முன் ஒரு காலை மரத்தடியிலேயே விழுந்துவிட்டார். துக்க வீட்டில் விருந்தை யார் கேட்பார்கள்? யாரும் கேட்கவில்லை. ஆனால் கம்பம் நின்றது.

"தெனமும் ஜன்னலைத் தொறந்தா எதிர்ல அது. எங்கடி சோறு, எங்கடி சோறுன்னு கேக்கற மாதிரியே இருக்கும். அந்த மனுஷனுங்க வாசலைத் தாண்டிப் போனா நான் உள்ள போயிடுவேன். வீட்டை வித்ததே அதுக்குத்தான். நீங்க வெட்டிட்டீங்கன்னு கேள்விப்பட்ட அன்னிக்கு நல்லாத் தூங்கினேன். தூங்கி எழுந்ததும் வெக்கமாப் போச்சு. அதான் ஒங்க முன்னாடி வரவே இல்ல."

நிறையக் கொட்டைகளை உடைத்தேன்.

"இங்க பாரு" என்றாள். "வெட்டியாச்சு, எரிச்சாச்சு. விருந்து மட்டும் அப்பிடியே பாக்கி கெடக்கு. எங்கிட்ட வாத்து இருக்கு, களஞ்சியம் இல்ல. ஒங்ககிட்ட களஞ்சியம் இருக்கு. ஒங்கம்மாவுக்குச் சமைக்க வருமா?"

அக்கா, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தக் கேள்வியை நான் மொழிபெயர்த்தபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மூன்று நாளாக மதாம் லாஷோ தன் பழைய அடுக்களையில் இருக்கிறாள். இருவருக்கும் சண்டை. பூண்டு சூப்புக்கு வாத்துக் கொழுப்பு எவ்வளவு என்று முதல் நாள் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்துக் களைத்துப்போனேன். தண்ணீர் எடுக்க வெளியே போய் வந்து பார்க்கிறேன், நான் இல்லாமலே தொடர்ந்துகொண்டிருக்கிறது. "எறநூறு பிள்ளைங்க! ஒருத்தன்கூட வயித்த வலின்னு வந்ததில்ல!" என்று அம்மா எங்கள் வெல்ஷ் மொழியில். மதாம் லாஷோ பிரெஞ்சில், "இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா!" இரண்டும் இருவருக்குமே புரிந்துவிட்டன. நான் வெங்காயம் நறுக்கப் போய்விட்டேன்.

விருந்து பத்தொன்பதாம் தேதி ஞாயிறு. கம்பம் நட்ட எல்லோர் வீட்டுக்கும் மதாம் லாஷோ தானே போய், மிஷேல் லாஷோவின் விருந்து, அவருடைய பழைய வீட்டில் என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லையாம்.

விருந்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை டச்சுக்காரர்கள் வருகிறார்கள். அப்பா அதை ரத்து செய்யவில்லை. "வார்த்தை குடுத்துட்டேன்" என்கிறார். ஞாயிறு எப்படிப் போகிறது என்று பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

உன்
நெரிஸ்


ரெக்சம்
17 அக்டோபர் 1997

நெரிஸ்,

நீலப் பூப்போட்ட விரிப்பு. நாங்கள் நலம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டிலிருந்து நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அம்மாவிடம் சொல். யார் யார் வந்தார்கள், என்ன மிச்சமானது, எல்லாம் எழுது. கொழுப்பு விஷயத்தில் அம்மா பக்கம்தான் நான்.

அக்கா


பெய்ரிஞோல்
26 அக்டோபர் 1997

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உடம்பையெல்லாம் கடைசியில் சொல்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு யாரும் இல்லை. களஞ்சியத்தில் நீள மேசை, விரிப்பு, நாற்பது தட்டு. அப்பா கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார், பஸ் நிலையத்தில் நிற்பாரே அதேபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. மதாம் லாஷோ கறுப்பு உடையில் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், யாரையும் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்கு மதிலோரம் ஃபெர்னானின் தொப்பி தெரிந்தது. பின்னால் அவர் மனைவி, மரினெத், மற்றவர்கள். சாலையிலேயே கூடி நின்று யார் முதலில் போவது என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஃபெர்னான் நேரே மதாம் லாஷோவிடம் போனார். "ரெண்டு வருஷமாப் பசியோட இருக்கேன் மதாம்" என்றார். "அந்தக் கயிறை இழுத்த தோளு மழை வந்தா இன்னும் வலிக்குது. ஒங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்லுங்க."

"கல்லறைக்கு நீயே போய்ச் சொல்லு. சாப்புட்டுட்டுப் போ" என்றாள் அவள். அதற்குப் பிறகுதான் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அப்பா நட்டவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் ஒரே பிரெஞ்சு வாக்கியத்தைச் சொன்னார், நான் எழுதிக் கொடுத்தது இல்லை, அவரே அகராதி பார்த்துக் கட்டியது. அதில் நான்கு தப்பு. நான் திருத்தவில்லை. சிலர் கை கொடுத்தார்கள். ஒரு கிழவர் மட்டும் கை கொடுக்காமல் தலையை ஆட்டினார், ஆனால் மூன்று முறை வாத்து வாங்கிச் சாப்பிட்டார்.

சூப்பின் கடைசியில் இவர்கள் தட்டிலேயே மதுவை ஊற்றிக் கலக்கி, தட்டைத் தூக்கிக் குடிக்கிறார்கள். ஃபெர்னான் அப்பாவின் தட்டிலும் ஊற்றினார். அப்பா தூக்கிக் குடித்தபோது சட்டையெல்லாம் சிவப்பு. "எம்லின்! ஸ்கூல் பிள்ளைங்களைவிட மோசம்!" என்று அம்மா கத்தினாள். களஞ்சியமே சிரித்தது. என்ன சொன்னாள் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

லாஷோவைப் பற்றி நிறையப் பேசினார்கள். மன்றத்துக்கு ஜெயித்த அன்றே தன் மாடு அடுத்தவர் தோட்டத்தை மேய்ந்ததற்காகத் தன்மேலேயே புகார் எழுதி வாங்கினாராம். மதாம் லாஷோ சிரித்து, பிறகு அழுது, பிறகு சூப்பில் கொழுப்பு போதவில்லை என்றாள். மிச்சம் ஒன்றுமில்லை அக்கா. பாத்திரத்தை ரொட்டியால் துடைத்துவிட்டார்கள்.

அன்று இரவு அப்பாவிடம் வீட்டை விற்பதைப் பற்றிக் கேட்டேன். மறுநாளும். "வார்த்தை குடுத்துட்டேன், வரட்டும், பாக்கட்டும்" என்பது மட்டும்தான். ஒரு சாப்பாட்டை வைத்து ஊர் எங்களை வைத்துக்கொண்டது என்று அவரால் நம்ப முடியவில்லை. எனக்கும் உறுதியில்லை.

செவ்வாய் காலை பளபளக்கும் காலணியோடு தரகர், உயரமான டச்சுத் தம்பதி. நல்ல மனிதர்கள், சுவரையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் தோட்டத்தைப் பார்த்துக் கணவரிடம் ஏதோ சொல்ல, அவர் புன்னகைத்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

அப்போது மதிலுக்கு மேலே ஃபெர்னான். "வணக்கம்! வீடு பாக்க வந்தீங்களா?" என்றார். "நல்ல வீடு. கூரை மட்டும்தான் ஒழுகும். மேக்கால பக்கம் மொத்தமா, கிழக்கால பக்கம் மழை பேஞ்சா மட்டும்."

தரகரின் முகம் மாறியது. "அவர் தமாஷ் பண்றார்" என்றார் ஆங்கிலத்தில்.

"பாம்பு அவ்வளவா கெடையாது" என்று ஃபெர்னான் தொடர்ந்தார். "போன வருஷம் களஞ்சியத்துல புடிச்சது சின்னதுதான்." அவர் பின்னால் மரினெத்தின் ரொட்டி வண்டி வந்து நின்றது. ஹாரன் அடித்தாள், நீளமாக. இறங்கி மதிலில் சாய்ந்துகொண்டாள். "கெணத்தைப் பத்திச் சொன்னியா?" என்று கேட்டாள்.

டச்சு அம்மாள் என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்கிறார்கள்? உண்மையா?"

அப்பாவைப் பார்த்தேன். கோடை முழுக்க ஏணியில் நின்று ஒவ்வொரு ஓடாக மாற்றியவர் அவர். கூரை என்ற சொல் மட்டும் அவருக்கும் புரிந்திருந்தது. வாயைத் திறந்தார். அம்மா அவர் காலை மிதித்தாள். அவர் மதிலைப் பார்த்தார். ஃபெர்னானை, மரினெத்தை, அவர்களுக்குப் பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்த மதாம் லாஷோவை. நீண்ட நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வெல்ஷில் சொன்னார்:

"நீ படிச்ச பொண்ணு. சரியா மொழிபெயர்த்துச் சொல்லு."

சொன்னேன் அக்கா. மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம், பாம்பு, கிணறு, ஒன்றும் விடாமல். ஃபெர்னான் மறந்துவிட்ட வௌவால்களை நானாகச் சேர்த்தேன். என் குரல் முற்றத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. இப்படி ஒரு குரல் எனக்கு இருந்தது எனக்கே தெரியாது.

டச்சுக்காரர்கள் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்த அம்மாள் காரில் ஏறும்போது மதிலோரம் நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். தரகர் எங்களுக்குக் கை கொடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறோம், ஒரு வாரம், விருந்தாளிகளாக. நீலப் பூ விரிப்பை விரித்து வை. வசந்தத்தில் நீங்கள் இருவரும் இங்கே வர வேண்டும், அத்தானின் முதுகுக்கு இந்த வெயில் நல்லது.

அம்மாவின் முழங்கால் தேவலை. அப்பாவுக்கு ஃபெர்னான்மேல் இன்னும் லேசான கோபம். இங்கே எல்லோரும் சுகம். கூரை ஒழுகவில்லை.

உன்
நெரிஸ்